கனி பாய் கேட்ட மாப்பு

– அழுதீர்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

– அழுதேன் சார்.

– தேசப்பா, எழுதிக்கொள். 'அழுததை ஒப்புக்கொண்டார்.'

– எழுதிட்டேன் சார். ஆனா போன மாச ஃபைல்ல 'தாரை தாரையாக'ன்னு போட்டுக்கிறேன். அதையும் ஒப்புக்கறாரான்னு கேட்டுட்டா நல்லது.

– இன்னா தேசப்பா நீ! தாரையாவது ஒண்ணாவது. ரெண்டு சொட்டு வந்துச்சு, துண்டால தொடச்சிக்கினேன். நீதானே குடிக்கத் தண்ணி குடுத்தே?

– குடுத்தேன் கனி பாய். அதையும் எழுதியிருக்கேன். 'அரசாங்கத் தண்ணீர், ஒரு டம்ளர்.'

– அப்துல் கனி அவர்களே, குமாஸ்தாவோடு பேச வேண்டாம். இது விற்பனை வரி அலுவலகம். பழவேற்காட்டில் உள்ள உங்கள் கயிற்றுக்கடை அல்ல. இங்கே இலாகா கேட்கும், நீங்கள் பதில் சொல்வீர்கள்.

– சரி சார்.

– சென்ற மாதம் பதினான்காம் தேதி, முற்பகல் பதினோரு மணிக்கு, நோட்டீஸ் இல்லாமல், சம்மன் இல்லாமல், தாமாகவே இந்த அறைக்குள் வந்தீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். பிடித்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? தேசப்பா, படி.

– 'ஐயா, இத்தினி வருசத்துல தெரிஞ்சோ தெரியாமலோ நான் எதுனா தப்பு பண்ணியிருந்தா மாப்பு பண்ணிடுங்க.' அவ்ளோதான் சார். அப்பால அழுகை.

– கேட்டீர்களா? தாமே முன்வந்து கொடுத்த வாக்குமூலம்! இருபத்திரண்டு வருட சர்வீசில் இப்படி ஒரு வியாபாரியை நான் கண்டதில்லை. நாங்கள் சோதனைக்குப் போனால் கணக்குப் புத்தகத்தை அரிசிப் பானைக்குள் செருகுவார்கள். ஒருவன் மாட்டுத் தொட்டியில் போட்டு, மாடு பாதி தின்றுவிட்டது. நீங்கள் என்னடா என்றால் பஸ் பிடித்து, ரயில் பிடித்து வந்து ஒப்புக்கொள்கிறீர்கள்.

– சார், சார், ஒரு நிமிசம். நான் ஹஜ்ஜுக்குப் போறேன் சார். மக்காவுக்கு. போறதுக்கு முன்னாடி பழகின எல்லார்கிட்டயும் மாப்பு கேட்டுக்கினுதான் போவணும். அது எங்க வழக்கம். வயசு அறுவத்தி ரெண்டு, கப்பல் பயணம், திரும்பி வருவனோ மாட்டனோ. மனசுல யாருக்கும் நம்ம மேல ஒரு முள்ளுகூட இருக்கக் கூடாது பாருங்க.

– எல்லாரிடமும் என்றால் எத்தனை பேர்?

– ஊரு பூரா சார். மீனு ஏலம் வுடற முனிகிருஷ்ணன், தபால்காரரு, சவரம் பண்றவரு, எதிர்க்க மோரு விக்கிற சின்னப்பொண்ணு. இருவது வருசமா மூஞ்சி குடுத்துப் பேசாத என் மச்சான் அமானுல்லா ஊட்டுக்குக்கூடப் போய்ட்டு வந்தேன். அவன் கட்டிப் புடிச்சிக்கினு என்னவிட ஜாஸ்தியா அழுதான். சின்னப்பொண்ணு, 'நல்லபடியா போய்ட்டு வா பாய், எனக்கும் சேத்து வேண்டிக்கோ'ன்னா. எல்லாரும் அன்னிக்கே மறந்துட்டாங்க. நீங்க மட்டும் எழுதி வச்சிக்கினீங்க.

– இலாகா மறக்காது.

– தெரியுது சார். பதினஞ்சாம் நாளே ரிஜிஸ்டர் தபால்ல அபராதம் வந்துச்சே.

– ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு அபராதம் போடாமல் இருந்தால் மேலிடத்தில் என்னைக் கேட்பார்கள்.

– குத்தம் இன்னான்னு போட்டிருக்கீங்க சார்? ஊர்ல இங்கிலீசு தெரிஞ்சவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

– 'விற்பனையை மறைத்தது.'

– நான் இன்னாத்த மறைச்சேன்?

– அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தெரிந்து செய்தது எவ்வளவு, தெரியாமல் செய்தது எவ்வளவு என்று அன்றைக்கே பிரித்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆகவே தெரிந்ததற்கு முழு அபராதம், தெரியாததற்குப் பாதி அபராதம் என்று போட்டிருக்கிறேன். சட்டத்தில் கருணைக்கும் இடமுண்டு.

– ரொம்பக் கருணை சார்.

– கட்டிவிட்டுப் போகவேண்டியதுதானே? மக்கா வரைக்கும் போகிறவருக்கு இது ஒரு தொகையா?

– டப்பு கீது சார். இதோ மடியில முடிஞ்சி வச்சிருக்கேன். ஆனா கட்டினா, 'ஆமா, மறைச்சேன்'னு கையெழுத்து போட்ட மாதிரி ஆயிடும். ஏமாத்தின காசுல ஹஜ்ஜுக்குப் போனவன்னு ஆயிடும். அந்தப் பயணத்துக்கு இன்னா சார் மதிப்பு? சரி, கட்டாம போய்டலாம்னா, கடனோட போனவன்னு ஆவுது. அதுவும் ஆவாது. ரெண்டு பக்கமும் பூட்டு போட்டுட்டீங்க. நாளைக்கி பம்பாய் மெயிலு. மூணு வருசமா மனு போட்டு மனு போட்டு இப்பதான் கப்பல்ல எடம் கெடச்சிச்சு. இத வுட்டா இந்த ஒடம்புக்கு இன்னொரு தபா கெடைக்காது. நீங்களா அத ரத்து பண்ணாத்தான் நான் ரயிலேற முடியும்.

– அதற்குத்தான் இந்த மனுவா?

– ஆமா சார். தேசப்பன்தான் சொன்னான், 'மொதல் தப்புன்னா ஐயா மன்னிக்க ரூல் இருக்குது, மனு போடு'ன்னு. வெளிய மரத்தாண்ட மிஷின் வச்சிக்கினு இருக்காரே அப்பாவு, அவர்தான் அடிச்சுக் குடுத்தாரு.

– பார்த்தாலே தெரிகிறது. 'மாட்சிமை பொருந்திய அருணகிரி ஐயா அவர்களின் பொற்பாத கமலங்களுக்கு…' இது சரி. அடுத்தது என்ன? 'மனுதாரர் ஐந்து பெண் குழந்தைகளுக்குத் தகப்பன்.' உங்களுக்கு ஐந்து பெண்களா?

– ஒரே பொண்ணு சார், குல்சும். கட்டிக் குடுத்து பேரன் இருக்கான். அப்பாவு, 'மனுன்னா அஞ்சு இருக்கணும், கொறைஞ்சா யாரும் படிக்க மாட்டாங்க'ன்னாரு.

– 'மேற்படி ஐவரும் கன்னிப்பெண்கள்.' 'மனுதாரருக்கு ஒரு கண் தெரியாது.' 'நிலம் கடலில் போய்விட்டது.'

– கண்ணு தெரியும் சார். நெலமே கெடையாது. அது போன வாரம் வேற யாருக்கோ அடிச்சதுபோல.

– தேசப்பா, அப்பாவு என்பவரை அந்த மரத்தடியிலிருந்து அப்புறப்படுத்து.

– அவர் பத்து வருசமா சொந்த மிஷின்ல நமக்கும் அடிச்சுக் குடுக்கறாரு சார். ஐயா மாச ரிப்போர்ட்டே அவர்தான். நம்ம மிஷின்ல 'ர' விழாது.

– சரி, இருந்துவிட்டுப் போகட்டும். விஷயத்துக்கு வாருங்கள், அப்துல் கனி அவர்களே. வழி இருக்கிறது. ஒரே வழி. வியாபாரி செய்தது அவருடைய முதல் பிழை என்று அதிகாரி திருப்திப்பட்டால், மனம் வைத்து அபராதத்தை நீக்கலாம். ஆனால் நான் இதுவரை மனம் வைத்ததில்லை.

– இருவத்தி ரெண்டு வருசத்துல ஒருத்தருக்குக்கூடவா சார்?

– ஒருவருக்குக்கூட. எனக்கு இந்த ஜில்லாவில் பெயரே அதற்குத்தான்.

– பேரு இருக்குது கனி பாய். ஆனா அத ஐயா எதிர்ல சொல்ல முடியாது.

– தேசப்பா!

– ஒண்ணுமில்ல சார், ரப்பர் ஸ்டாம்ப் தேடிக்கினு இருக்கேன்.

– இருந்தாலும் நீங்கள் புண்ணிய யாத்திரை போகிறவர். உங்களுக்காக மனம் வைக்கலாம் என்று இலாகா நினைக்கிறது. அந்த முதல் பிழை எது? சொல்லுங்கள். மன்னிக்கிறேன்.

– தப்பே பண்ணலியே சார்.

– தப்பே செய்யாதவரை எப்படி மன்னிப்பது? அதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

– யா அல்லா! தப்பு பண்ணாதவனுக்கு அபராதம் போட மட்டும் பிரிவு இருக்குதா?

– அதற்கு நான்கு இருக்கின்றன. கோபப்படாதீர்கள். நிதானமாக யோசியுங்கள். பில் போடாமல் விற்றது ஏதாவது? சின்னதாக இருந்தாலும் போதும்.

– இருங்க, இருங்க. மழ நாள்ல ஒரு தபா முத்தம்மா வந்தா. புள்ளைக்குத் தூளி கட்டணும்னா. ஒரு துண்டு கயிறு அறுத்துக் குடுத்தேன். பில்லு போடல!

– நல்லது, நல்லது. எவ்வளவு வாங்கினீர்கள்?

– தூளி கட்றதுக்கா? காசா வாங்குவாங்க?

– போச்சு. அது விற்பனையே அல்ல, தானம். வேறு?

– முனிகிருஷ்ணனுக்கு வல நூலு கடனாக் குடுத்தேன். பில்லு போட்டேன், வரியும் நானே கட்டிட்டேன். அவன் இன்னிக்கி வரைக்கும் காசு குடுக்கல.

– அது பிழை அல்ல. மடத்தனம். மடத்தனத்துக்கு வரிவிலக்கும் கிடையாது, மன்னிப்பும் கிடையாது. தேதி தவறிக் கட்டியது உண்டா?

– தேதி தவறி இல்ல சார். ஒரு தபா பெருநாள் வருதேன்னு தேதிக்கு முன்னாடியே கட்டிட்டேன்.

– முன்னாடியேவா? எத்தனை நாள்?

– எட்டு நாளு.

– தேசப்பா, இதை எதில் சேர்க்கலாம்?

– ஞாபகம் இருக்குது சார். முன்கூட்டி வர்ற பணத்துக்கு நம்ம ரிஜிஸ்டர்ல பத்தி இல்ல. எங்க எழுதறதுன்னு தெரியாம பதினேழு நாளு டிராயர்ல வச்சிருந்தோம்.

– அப்படியானால் தாமதம் நம்முடையது. விடு. அதைத் தொடாதே.

– சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா? இப்பிடியே வெளிய போயி அப்பாவுக்கு ஒரு மொழம் கயிறு பில்லு இல்லாம வித்துட்டு வரேன். தப்புக்குத் தப்பும் ஆச்சு, மொதலுக்கு மொதலும் ஆச்சு. நீங்க மன்னிச்சுடுங்க. நான் நாஷ்டாகூடத் துன்னாம வந்துக்கிறேன் சார், தல சுத்துது.

– என்னிடம் சொல்லிவிட்டுச் செய்தால் அது பிழை அல்ல. சதி. அதில் நானும் கூட்டு. தேசப்பா, அவருடைய பழைய கட்டுகளை எல்லாம் இறக்கு. கடை பதிவாகி ஒன்பது வருடமாகிறது. ஒன்பது வருடத்தில் ஒரு மனிதன் ஒரு பிழைகூடச் செய்யாமலா இருப்பான்?

– எறக்கிட்டேன் சார். தூசி, கொஞ்சம் மூக்கப் பொத்திக்கோங்க. அறுவத்தி ஏழு, சுத்தம். அறுவத்தி ஆறு, சுத்தம்.

– நல்லாப் பாரு தேசப்பா. எதுனா ஒண்ணு இருக்கும்பா. எனக்குத் தெரியாம எதுனா பண்ணியிருப்பேன்.

– பாக்கறேன் கனி பாய். அறுவத்தி அஞ்சு, சுத்தம். புயல்ல கட கூர போச்சே, அந்த வருசம்கூட ஒழுங்காக் கட்டியிருக்கீங்களே.

– கூர போனா இன்னா, சர்க்காருக்குக் கட்றத கட்டணுமேன்னு…

– இப்படித்தான் கெடுத்துக்கொண்டீர்கள், அப்துல் கனி அவர்களே. ஒருமுறையாவது தவறியிருந்தால் இப்போது எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்?

– தப்புதான் சார்.

– அது இந்தத் தப்பில் சேராது.

– சார், எல்லாத்துக்கும் அடியில மொத ஷீட்டு இருக்குது. கடையப் பதிவு பண்ணப்ப எழுதினது. ஐயா கையெழுத்து.

– ஆ! எடு, எடு. நான் இந்தப் பதவிக்கு வந்த முதல் மாதம். பொன்னேரியிலிருந்து எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துக்கொண்டு போனேன். அதுவரை எந்த அதிகாரியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. வரிக்கு அகப்படாமல் இருந்த அந்தக் கடையை நான்தான் கண்டுபிடித்தேன். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

– ஆமா சார். வேர்த்து விறுவிறுத்து வந்தீங்க. எளநீ சீவிக் குடுத்தேன்.

– அதற்குக் காசு கொடுத்தேன்.

– குடுத்தீங்க சார். நான் வேணாம்னேன், எண்ணிக் குடுத்தீங்க. 'பாய், இன்னையிலேந்து நீங்க வரி கட்ற யாவாரி'ன்னீங்க. எனக்கு அவ்ளோ பெருமையா இருந்துச்சு. அந்தப் பதிவுப் பத்திரத்த கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேன்.

– படி தேசப்பா. அப்துல் கனி அவர்களும் கேட்கட்டும்.

– 'கயிறு, வலை நூல் வியாபாரம். கடைக்காரரின் சொந்தப் புத்தகத்தின்படி ஆண்டு விற்பனை ரூபாய் பதினெட்டாயிரத்து அறுநூறு. வரிக்கு உட்பட்டவர்.'

– எத்தினி?

– பதினெட்டாயிரத்து அறுநூறு, கனி பாய்.

– ரூபாயா? என் கடையிலயா? சார், கடையோட என்னையும் சேத்து ஏலம் வுட்டாக்கூட அத்தினி போவாதே!

– உங்கள் புத்தகத்தில் இருந்ததைத்தான் கூட்டினேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்து, என் கையாலேயே. கடைசிக் கட்டத்தில் வரிசையாக இருந்தது.

– கடேசிக் கட்டம் பாகம் சார்.

– பாகம் என்றால்?

– கயிறு அளக்கறது சார். நம்ம மீன்காரங்க மொழத்துல அளக்க மாட்டாங்க. ரெண்டு கையையும் இப்பிடி விரிச்சா, இந்த விரல் நுனியிலேந்து அந்த விரல் நுனி வரைக்கும் ஒரு பாகம்.

– நீ விரித்துப் பார்க்க வேண்டாம், கையை மடக்கு தேசப்பா. மேஜை மேல் மைப்புட்டி இருக்கிறது.

– காசு மொத கட்டத்துல எழுதியிருப்பேன் சார். எங்க வாப்பா காலத்துலேந்து அப்பிடித்தான். காச எழுதிட்டு, எத்தினி பாகம் போச்சுன்னு கடேசில எழுதுவோம். கயிறு எவ்ளோ மிச்சம்னு பாக்க சுளுவா இருக்கும்.

– தேசப்பா… அந்த முதல் கட்டம் எவ்வளவு?

– புத்தக நகல் பின்னாடியே சேத்துக் கட்டியிருக்குது சார். நாலாயிரத்துச் சொச்சம்.

– வரி போடும் வரம்பு?

– பத்தாயிரம் சார்.

– அது எனக்குத் தெரியும்!

– நீங்க கேட்டீங்க சார்.

– அடுத்த வருடம்? அதற்கடுத்த வருடம்?

– எல்லா வருசமும் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுலதான் சார். வரம்புகிட்டக்கூடப் போகல. பதிவு ஆனவருன்னு இருந்துச்சு, அவரு கட்டிக்கினே இருந்தாரு, நாம வாங்கிக்கினே இருந்தோம். யாரும் இந்தக் கட்டுக்காக அலமாரி மேல ஏறிப் பாக்கல.

– தேசப்பா, ஒரே பேஜாராக் கீது. புரியறாப்ல சொல்லுப்பா.

– அதான் கனி பாய், நீங்க வரியே கட்ட வேண்டியதில்ல. ஒரு பைசாகூட. ஒன்பது வருசமா. வரியே இல்லாதவருக்கு அபராதம் எங்கேந்து வரும்?

– நெசமாவா? அப்போ நான் போலாமா சார்?

– உட்காருங்கள். போகக் கூடாது.

– இன்னும் இன்னா சார்?

– இப்போது இலாகாதான் உங்களுக்குத் தர வேண்டியிருக்கிறது. ஒன்பது வருடத்து வரி. அதைத் திருப்பிக் கேட்டு நீங்கள் மனு கொடுக்க வேண்டும். மேலிடத்திலிருந்து விசாரணைக்கு வருவார்கள். 'இந்தக் கணக்கை எடுத்தவர் யார்' என்று கேட்பார்கள். அவர்கள் கேட்கும்போது நீங்கள் ஊரில் இருக்க வேண்டும்.

– வேணாம் சார்! நாளைக்கி எனக்கு ரயிலு. எனக்கு அந்தக் காசும் வேணாம், விசாரணையும் வேணாம். வுட்டுட்டேன்.

– விட முடியாது. அரசாங்கத்தை மன்னிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. பிரிவு இல்லை.

– பிரிவு ஒங்க பொஸ்தகத்துல இல்ல சார். எங்க வழக்கத்துல இருக்குது. நான் யாருக்கும் கடன்படாம போவணும்ங்கற மாதிரியே, எனக்குக் கடன்பட்டவங்களையும் வுட்டுக்குடுத்துட்டுப் போலாம். முனிகிருஷ்ணனுக்கும் போன வாரந்தான் வுட்டுக்குடுத்தேன்.

– அவ்வளவுதானே? அப்படியானால் விட்டுக்கொடுத்ததாக வாயால் சொல்லிவிட்டுப் போங்கள். பேப்பர் எதுவும் வேண்டாம்.

– அது எப்பிடி சார்? முனிகிருஷ்ணன் என் கடைக்கு வந்தான். 'ஏமாத்திட்டேன் பாய், மாப்பு பண்ணிடு'ன்னான். அவன் கேட்டான், நான் குடுத்தேன். கேக்காதவருக்கு மாப்பு எப்பிடி சார் குடுக்கறது?

– இலாகா யாரிடமும் மன்னிப்புக் கேட்காது.

– இலாகா வேணாம் சார். அது சைக்கிள் மிதிக்கல. மிதிச்சுக்கினு வந்தவரு கேட்டாப் போதும்.

– இருபத்திரண்டு வருட சர்வீசில்…

– தெரியும் சார். ஒண்ணும் அவசரமில்ல. என் ரயிலு நாளைக்கித்தானே. ஒக்காந்துக்கினு இருக்கேன்.

– தேசப்பா.

– சார்?

– இதுவரை பேசியதையெல்லாம் எழுதிக்கொண்டாயா?

– 'மேல ஏறிப் பாக்கல' வரைக்கும் எழுதிட்டேன் சார். மிச்சத்த எழுதப் போறேன்.

– பேனாவை மூடு.

– மூடிட்டேன் சார்.

– வெளியே பெஞ்சில் எத்தனை பேர்?

– ஏழு பேரு சார். அப்பாவு வேற ஜன்னலாண்ட நின்னுக்கினு இருக்காரு.

– ஜன்னலைச் சாத்து. நீயும் வெளியே போ. போகும்போது… அந்தக் கதவையும் சாத்திவிட்டுப் போ.